குழு தொடங்குமுன் தேவையை அளப்பது: கணக்கெடுப்பா, விசாரணையா, வெள்ளோட்டமா?

சென்னையின் தென்கோடியில், பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய அடுக்குமாடிகளில் வீட்டு வேலை செய்யும் பெண்கள், ஏஜென்சியையும் செயலியையும் நம்பியிராமல் தாங்களே வேலை பிடித்துத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும் குழு ஒன்றைத் தொடங்க நினைக்கும்போது, பேச்சு ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. கையில் இருப்பது சேமிப்பிலிருந்து திரட்டிய பதினைந்தாயிரமோ இருபதாயிரமோதான். அதைக் கொண்டு முதலில் வீடு வீடாகப் போய்த் தேவையைக் கணக்கெடுப்பதா, ஏற்கெனவே இந்தத் தொழிலில் இருப்பவர்களின் விலையை விசாரிப்பதா, எதையும் கேட்காமல் நேரே வேலையில் இறங்கிப் பார்ப்பதா என்று கேட்கிறார்கள். பண உதவி தர முன்வரும் அமைப்புகளும் ‘சந்தைத் தேவை அறிக்கை’ என்று ஒன்றைக் கேட்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

வேலைக்கு ஆள் தேவையா என்று கேட்டால், மேடவாக்கத்திலிருந்து சிறுசேரி வரை எந்தக் குடியிருப்பிலும் ‘வேண்டாம்’ என்று சொல்பவர் அரிது. ஆகவே வீட்டு வேலைக்குத் தேவை உண்டா என்பதை அளப்பது வீண் வேலை. வாட்ச்மேனிடம் சொல்லிவைத்தால் செலவில்லாமல் ஆள் கிடைக்கும் ஒரு வீடு, அதே வேலைக்குக் குழுவின் வழியாக ஆள் வருவதற்குக் கொஞ்சம் கூடுதலாகத் தருமா, எதற்காகத் தரும், நாளின் எந்த நேரத்துக்குத் தரும் என்பதே அளக்க வேண்டிய செய்தி. கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் இந்தக் கேள்வியை முன்வைத்தே செய்யப்பட்டிருக்கிறது.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், கிடைக்கும் பதில் மணிக்கணக்கில் வருகிறதா என்பது. ‘நாற்பது வீட்டுக்காரர்கள் சம்மதம் சொன்னார்கள்’ என்ற தகவலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஏனென்றால் அந்த நாற்பது வீடுகளுக்கும் காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில்தான் ஆள் வேண்டும். அந்த மூன்று மணி நேரத்தில் பாத்திரம் தேய்த்து, பெருக்கித் துடைத்து, ஒரு பெண்ணால் இரண்டு அல்லது மூன்று வீடுகளுக்கு மேல் முடிக்க இயலாது. அதே பெண் பிற்பகல் 2 மணிக்கு வேலையின்றி இருப்பார். குழு நிலைக்குமா என்பதைத் தீர்மானிப்பது காலை நேரக் கூட்டமன்று, அந்தப் பிற்பகல்தான்.

இதை ஓர் உதாரணக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். போன் எடுத்து ஆள் அனுப்பும் ஒருவருக்குச் சம்பளம், சிறிய அறைக்கு வாடகை, இதர செலவு எல்லாம் சேர்த்து மாதம் 20,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். உறுப்பினர் 25 பேரும் ஆளுக்கு மாதம் 100 மணி நேரம் குழுவின் வழியாக வேலை செய்தால், மொத்தம் 2,500 மணி நேரத்தில் அந்தச் செலவு மணிக்கு 8 ரூபாயாகப் பிரிந்துவிடும். ஆளுக்கு 40 மணி நேரம்தான், மொத்தம் 1,000 மணி நேரம்தான் கிடைத்தது என்றால் அது மணிக்கு 20 ரூபாய். வீட்டு வேலைக்குத் தமிழ்நாடு அரசு 2018இல் அறிவித்த குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 37 ரூபாயில் தொடங்கியது என்பதை நினைத்தால், 8க்கும் 20க்கும் உள்ள வித்தியாசம் யாருடைய கூலியிலிருந்து போகும் என்பது விளங்கும்.

இரண்டாவது, பதில் வாய்ச்சொல்லாக வருகிறதா, பணமாக வருகிறதா என்பது. மூன்றாவது, அந்த வழி உறுப்பினர்களின் வேலை நேரத்தில் எவ்வளவைத் தின்கிறது என்பது. ஒரு நாள் கணக்கெடுக்கப் போனால் அன்றைய வீடுகளுக்கு லீவு சொல்ல வேண்டும், அந்தக் கூலியை யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை.

நான்காவதைப் பெரும்பாலான திட்ட அறிக்கைகள் தொடுவதே இல்லை. தேவையை அளக்கும் முயற்சியே உறுப்பினர்கள் இப்போது செய்துவரும் வேலைக்கு ஆபத்தாக முடியலாம். தங்கள் வீட்டில் வேலை செய்பவர் ஒரு குழுவில் சேர்ந்திருக்கிறார் என்று தெரிந்தவுடன், ‘சங்கம் வைத்துச் சம்பளம் ஏற்றப்போகிறார்கள்’ என்று குடியிருப்பின் வாட்ஸ்ஆப் குழுவில் பேச்சு கிளம்பி, ஒரே வாரத்தில் இரண்டு பேர் வேலை இழப்பது நடக்கக்கூடியதுதான். எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்த ஆபத்து எவ்வளவு என்று முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

## வழி ஒன்று: உறுப்பினர்களின் மனத்தில் இருக்கும் கணக்கு

இருபத்தைந்து பெண்கள் ஆளுக்கு மூன்று வீடுகளில் வேலை செய்தால் எழுபத்தைந்து வீடுகளின் உள்விவரம் அந்த அறையிலேயே இருக்கிறது. எந்த வீட்டில் வயதானவர் தனியாக இருக்கிறார், எங்கே கைக்குழந்தை இருக்கிறது, யார் மாதம் பிறந்து 10ஆம் தேதி வரை சம்பளத்தை இழுத்தடிக்கிறார்கள் என்பதெல்லாம் எந்தக் கணக்கெடுப்பிலும் வராத தகவல்கள். ஆயினும் முதலில் கைவிடப்படுவது இந்த வழிதான். படிவம் கிடையாது, அச்சிட்ட அறிக்கை கிடையாது என்பதால் இதை யாரும் ஆய்வாக மதிப்பதில்லை.

நான் உடனிருந்த ஒரு கூட்டத்தில், பெரும்பாக்கம் குடியிருப்பு ஒன்றின் தரைத்தளத்தில், சாக்பீஸால் சாலையையும் அடுக்குமாடிகளையும் கோடு போட்டு வரைந்தார்கள். தாங்கள் வேலை செய்யும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புளியங்கொட்டை, ஆள் தேடிக்கொண்டிருப்பதாகத் தெரிந்த வீட்டுக்கு ஒரு கூழாங்கல் என்று வைத்தார்கள். கற்கள் அதிகம் குவிந்த ஒரு கட்டடத்தைக் காட்டி, ‘இங்கே நல்ல தேவை இருக்கிறது’ என்று நான் சொன்னதும், எதிரே உட்கார்ந்திருந்த பெண் சிரித்துவிட்டார். “அந்த வீட்ல எப்பவும் ஆள் தேவைதான்க்கா. மூணு மாசத்துக்கு ஒருத்தி ஓடிருவா. ஏன்னு அவங்களக் கேட்டா சொல்ல மாட்டாங்க, எங்களக் கேளுங்க” என்றார். பிறகு அவரே நான்கு கற்களை எடுத்துப் புடவை முந்தானையில் போட்டுக்கொண்டார். எடுத்துக்கொள்ளத் தகாத தேவை என்று ஒன்று உண்டு என்பதை எனக்கு விளங்கவைத்தவை அந்த நான்கு கற்கள்.

இந்த வழிக்கு ஆகும் செலவு டீயும் பிஸ்கட்டும்தான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாலைகள் போதும். வேலை நேரம் இழப்பில்லை. வீட்டுக்காரர்களுக்குச் செய்தி போகாது என்பதால் ஆபத்தும் இல்லை. ஆனால் ஒரு குறை உண்டு. தாங்கள் அறிந்த வேலைகளைப் பற்றியும் நடந்து போகக்கூடிய தூரத்தில் உள்ள வீடுகளைப் பற்றியும்தான் உறுப்பினர்களால் சொல்ல முடியும். முதியோர் பராமரிப்பு, அலுவலகச் சுத்தம் போன்ற புதிய வேலைகளில் அவர்களுடைய ஊகம் மற்றவர்களின் ஊகத்தைவிடச் சிறந்ததல்ல. விலையிலும் அப்படியே: தாங்கள் இதுவரை வாங்கிய கூலியையே மேல்வரம்பாக நினைக்கும் பழக்கம் உண்டாகியிருப்பதால், குறைத்தே சொல்வார்கள்.

## வழி இரண்டு: வீடு வீடாகக் கணக்கெடுப்பு

இதற்கு முன் அரசுப் புள்ளிவிவரங்களைப் பற்றி ஒரு சொல். வார்டு வாரியான வீடுகளின் விவரத்துக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் புரட்டுபவர்கள் உண்டு. 2021இல் நடந்திருக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளிப்போய்விட்டது. நாவலூரிலும் சிறுசேரியிலும் இன்று நிற்கும் கட்டடங்களில் பல 2011இல் அஸ்திவாரம்கூட இடப்படாதவை. இந்தப் பகுதிக்கு அந்த எண்கள் பயன்படா.

நேரடிக் கணக்கெடுப்பின் பெரிய வலிமை, குழுவுக்கு வெளியே உள்ள வீடுகளின் குரலைக் கொண்டுவருவது. பெரிய பலவீனம், வாசலில் நின்று கேட்கும் ஒருவருக்கு மரியாதைக்காகச் சொல்லப்படும் ‘சரி’. ‘நம்பகமான, பயிற்சி பெற்ற பணியாளர்களை நாங்கள் அனுப்பினால் எடுத்துக்கொள்வீர்களா?’ என்று கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். வருங்காலத்தைப் பற்றிக் கேட்காமல் கடந்த மாதத்தைப் பற்றிக் கேட்க வேண்டும்: உங்கள் வீட்டில் வேலை செய்பவர் போன மாதம் எத்தனை நாள் வரவில்லை, அன்று யார் பாத்திரம் தேய்த்தார்கள், அதற்காக யாருக்காவது பணம் கொடுத்தீர்களா, கடைசியாக ஆள் மாறியபோது புதியவரை யார் சொல்லிக் கண்டுபிடித்தீர்கள்? இந்த நான்கு கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்கள், முப்பது கேள்விகள் கொண்ட படிவத்தைவிட அதிகம் சொல்லும்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் அதிகம். பெரிய அடுக்குமாடிகளில் கேட்டைத் தாண்ட வேண்டுமானால் குடியிருப்போர் சங்கத்தின் அனுமதி வேண்டும்; அதற்கான கடிதம், காத்திருப்பு, செயலாளரைப் பார்க்க நான்கு நடை என்று மூன்று வாரம் கழிந்துவிடும். பகலில் கதவைத் திறப்பவர்கள் பெரும்பாலும் ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர். சம்பளத்தைத் தீர்மானிப்பவர் இரவு 8 மணிக்குத்தான் வீடு திரும்புவார். உறுப்பினர்களே கணக்கெடுக்கப் போனால் மேலே சொன்ன வேலை இழப்பு ஆபத்து முழுவதும் வந்து சேரும். வெளியாட்களை அமர்த்தினால் நாட்கூலி கொடுத்தே கையிருப்பில் பெரும்பகுதி கரைந்துவிடும். மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் போன்ற கல்லூரிகளில் சமூகப் பணி படிக்கும் மாணவர்களுக்குக் களப்பணி பாடத்தின் ஒரு பகுதி என்பதால், அவர்கள் வழியாகச் செய்வது நடைமுறைக்கு உகந்த நடுவழி. ஆனால் அது குழுவின் வசதிப்படியன்றிக் கல்லூரி ஆண்டின் அட்டவணைப்படியே நடக்கும்.

குடியிருப்பு வாட்ஸ்ஆப் குழுவில் இணையப் படிவத்தைப் போட்டுவிடுவது இதன் மலிவுப் பதிப்பு. அதை நிரப்புபவர்கள் அன்று காலை ஆள் வராமல் கோபத்தில் இருப்பவர்கள். அந்தக் கோபத்தைத் தேவை என்று எண்ணிவிடக் கூடாது.

## வழி மூன்று: ஏற்கெனவே விற்பவர்களை விசாரிப்பது

வாடிக்கையாளரைப் போலப் பேசி நான்கைந்து ஏஜென்சிகளிடம் விசாரித்தால், பதிவுக் கட்டணம் எவ்வளவு, எத்தனை மாதத்துக்குள் ஆள் நின்றுவிட்டால் மாற்று ஆள் தருவார்கள், கமிஷனை வீட்டுக்காரரிடம் வாங்குகிறார்களா, பணியாளரின் முதல் மாதச் சம்பளத்தில் பிடிக்கிறார்களா என்பதெல்லாம் ஒரே பிற்பகலில் தெரிந்துவிடும். செலவு போன் கட்டணம் மட்டுமே. தனியாக வேலை தேடும் ஒரு பெண்ணிடம் இப்படி நடித்து அவருடைய நேரத்தைக் கெடுக்கக் கூடாது என்பதை மட்டும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

செயலிகளின் விலையைப் பார்த்து மலைத்துப்போகிறவர்கள் உண்டு. அர்பன் கம்பெனி நிறுவனம் 2025இல் மும்பையில் ‘இன்ஸ்டா மெய்ட்ஸ்’ என்ற பெயரில் உடனடி வீட்டு வேலைச் சேவையைத் தொடங்கி, அந்தப் பெயருக்கு எதிர்ப்பு எழுந்ததும் ‘இன்ஸ்டா ஹெல்ப்’ என்று மாற்றிக்கொண்டது. தொடக்கச் சலுகையாக ஒரு மணி நேரத்துக்கு 49 ரூபாய் என்று விளம்பரம் செய்தது. முதலீட்டாளர் பணத்தை இறைத்து வாடிக்கையாளரைப் பழக்குவதற்கான விலை அது; வேலையின் விலை அன்று. அதனோடு போட்டியிட்டு விலையைக் குறைக்க நினைக்கும் குழு, தன் உறுப்பினர்களின் கூலியைக் கொண்டே அந்தச் சலுகையைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

எனினும் என் அனுபவத்தில், இந்தப் பகுதியில் குழுவுக்கு உண்மையான போட்டி ஏஜென்சியும் அன்று, செயலியும் அன்று. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியும் எதிரே வண்டி போட்டு இஸ்திரி போடுபவரும்தான். ‘யாராவது ஆள் இருந்தால் சொல்லுங்கள்’ என்று வீட்டுக்காரர்கள் சொல்லிவைப்பது அவர்களிடமே. அவர்கள் சும்மா கொடுக்கும் சேவையைக் குழு விற்க வேண்டுமானால், அவர்களால் கொடுக்க முடியாத ஏதோ ஒன்றைக் கொடுக்க வேண்டும்; லீவு நாளில் மாற்று ஆள் என்பது அவற்றில் முதன்மையானது. இந்த வழி விலையை நன்றாகச் சொல்லும். அந்த விலைக்கு உங்களிடம் வாங்குவார்களா என்பதைச் சொல்லாது.

## வழி நான்கு: ஆறு வார வெள்ளோட்டம்

ஒரே ஒரு குடியிருப்பை அல்லது இரண்டு தெருக்களை எடுத்துக்கொண்டு, ஆறு வாரம் உண்மையான வேலையை உண்மையான விலைக்குச் செய்து பார்ப்பது. வாடகைக்கு அறை வேண்டாம், ஒரு போன் எண் போதும். ஆர்வம் காட்டும் வீட்டிடம் திருப்பித் தரக்கூடிய முன்பணமாக 500 ரூபாய் கேட்க வேண்டும். ‘கண்டிப்பாக வேண்டும்’ என்று சொன்னவர்களில் கணிசமானோர் இந்த இடத்தில் ‘வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்’ என்பார்கள். மற்ற மூன்று வழிகளாலும் பிரித்துக்காட்ட முடியாத ஆட்களை இந்த 500 ரூபாய் பிரித்துவிடும்.

எண்ண வேண்டியது முதல் முறை கூப்பிட்டவர்களை அல்ல, இரண்டாம் முறை கூப்பிட்டவர்களை. தெரிந்தவர்கள், உறவினர்கள், இரக்கப்பட்டுக் கூப்பிட்டவர்கள் முதல் முறையோடு நின்றுவிடுவார்கள். வரும் ஒவ்வொரு அழைப்பையும் கோடு போட்ட நோட்டில் நான்கு பத்திகளாக எழுதிவந்தால் போதும்: எந்த நேரத்துக்குக் கேட்டார்கள், என்ன வேலை, போக முடிந்ததா, மறுபடி கூப்பிட்டார்களா. போக முடியாமல் விட்ட அழைப்புகளையும் தவறாமல் எழுத வேண்டும். ஆறாம் வாரத்தில் அதிகம் படிக்கப்படும் பத்தி அதுவாகத்தான் இருக்கும்.

வெள்ளோட்டத்தின் மறைந்த செலவு, காத்திருக்கும் ஆளின் கூலி. ‘ஆள் வராவிட்டால் மாற்று ஆள்’ என்று வாக்குக் கொடுத்தால், தினமும் காலையில் ஒருவர் வேறு வேலை எடுக்காமல் இருக்க வேண்டும். அழைப்பு வராத நாளிலும் அவருக்குக் கூலி உண்டு. இதைக் கொடுக்காத குழுக்களில் அந்தப் பொறுப்பை ஏற்க மூன்றாம் வாரம் யாரும் முன்வருவதில்லை. இன்னொன்று பெயர். முதல் வாரத்திலேயே இரண்டு வீடுகளுக்கு ஆள் போகாவிட்டால் அந்தக் குடியிருப்பு ஒரு வருடத்துக்குக் கதவை மூடிவிடும். அதனால்தான் நீங்கள் அதிகம் நம்பியிருக்கும் குடியிருப்பில் வெள்ளோட்டம் நடத்தாமல், இரண்டாவதாக நம்பும் குடியிருப்பில் நடத்துவது நல்லது என்கிறேன்.

காலமும் முக்கியம். ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் முந்திய வாரங்களில் வீட்டைச் சுத்தம் செய்ய வரும் அழைப்புகள் வருடம் முழுவதும் வரும் என்று நம்பி ஏமாறக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் தண்ணீர் தேங்கும்போது தேவை இருந்தாலும் ஆள் வெளியே வர முடியாது. மே மாதம் பாதி வீடுகள் பூட்டியிருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாற்றுவோர் குறைவு என்பதால் புதிய வாடிக்கையாளர் வரவும் குறையும். மாசி, பங்குனி மாதங்களே ஓரளவு இயல்பான எண்ணைத் தரும்.

வரியையும் இந்தக் கட்டத்திலேயே யோசித்துவிட வேண்டும். சேவை வழங்குவோரின் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகிறது. மணிக்கு 150 ரூபாய் விலை வைத்து, முன்சொன்ன 1,000 மணி நேரம் மாதந்தோறும் கிடைத்தால் ஆண்டு வரவு 18 லட்சம்; 2,500 மணி நேரம் கிடைத்தால் 45 லட்சம். குழுவே பில் போடும் முறையில் 18 சதவீத வரி சேர்ந்தால் வீட்டுக்காரர் கொடுக்க வேண்டியது 177 ரூபாய். வீட்டுக்காரர் பணியாளரிடம் நேரடியாகக் கூலியைக் கொடுத்து, குழு உறுப்பினர்களிடம் சந்தா மட்டும் வாங்கும் முறையில் கணக்கு வேறாகும். எந்த முறை என்பதை ஒரு ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்த பிறகு, வெள்ளோட்டத்தில் அந்த இறுதி விலையையே சொல்ல வேண்டும். 150 ரூபாய்க்குக் கிடைத்த சம்மதம் 177 ரூபாய்க்குச் செல்லாது.

## ஒரே பார்வையில்

| வழி | கைச்செலவு | உறுப்பினர் நேரம் | எதை உறுதியாகச் சொல்லும் | வேலை இழப்பு ஆபத்து |
|---|---|---|---|---|
| உறுப்பினர் கணக்கு | மிகக் குறைவு | இரண்டு மாலைகள் | எந்த வீடு, எந்த நேரம் | இல்லை |
| வீடு வீடாகக் கணக்கெடுப்பு | அதிகம் | அதிகம் (மாணவர் செய்தால் குறைவு) | வெளியாரின் பழக்கம் | அதிகம் |
| போட்டியாளர் விசாரணை | மிகக் குறைவு | ஒரு பிற்பகல் | விலை, நிபந்தனைகள் | இல்லை |
| வெள்ளோட்டம் | நடுத்தரம் | ஆறு வாரம், கூலியுடன் | பணம் கொடுப்பார்களா என்பது | நடுத்தரம் |

## எந்த நிலையில் எது

பாத்திரம், பெருக்கித் துடைத்தல், சமையல் என்று உறுப்பினர்கள் ஏற்கெனவே செய்துவரும் வேலைகளையே குழுவின் பெயரில் செய்யப்போகிறீர்கள் என்றால், கணக்கெடுப்பை விட்டுவிடலாம். உறுப்பினர் கணக்கும் ஒரு பிற்பகல் போன் விசாரணையும் முடிந்தவுடன் வெள்ளோட்டத்துக்குப் போய்விடுங்கள். கையிருப்பு முழுவதும் காத்திருக்கும் ஆளின் கூலிக்குப் போகட்டும்.

முதியோர் பராமரிப்பு போன்ற புதிய வேலையில் இறங்குவதானால் நிலைமை தலைகீழ். அதில் தவறு நேர்ந்தால் பாதிக்கப்படுவது ஒரு மனித உடல் என்பதால், வெள்ளோட்டம் முதல் படியாக இருக்க முடியாது. பதினைந்து இருபது குடும்பங்களோடு நிதானமாக உட்கார்ந்து பேச வேண்டும். பயிற்சிக்கு ஆகும் செலவு தெரிந்த பிறகே விலை பேச வேண்டும். மயிலாப்பூர், மேற்கு மாம்பலம் போன்ற பழைய பகுதிகளில் இந்தப் பேச்சு எளிது. கேட்டும் அனுமதிக் கடிதமும் இல்லாத தனி வீடுகளும் சிறிய கட்டடங்களும் அங்கே மிகுதி. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க இங்கே தனித்து வாழும் முதியவர்களும் அதிகம்.

நிதி தரும் அமைப்போ வங்கியோ அறிக்கை கேட்டால் கணக்கெடுப்பு தவிர்க்க முடியாதது. அப்போதும் அதை மாணவர்களைக் கொண்டு செய்வித்து, உறுப்பினர்களை வாசலில் நிறுத்தாமல் இருப்பது பாதுகாப்பு. பத்துப் பேருக்கும் குறைவான குழுவுக்கு உறுப்பினர் கணக்கே போதும். அவர்களுடைய மணி நேரங்களை நிரப்ப முப்பது வீடுகள் தேவைப்பட்டால் அதிகம், அவை சாக்பீஸ் வரைபடத்திலேயே தெரிந்துவிடும்.

வெள்ளோட்டம் தொடங்கும் நாளுக்கு முன்பே, எத்தனை வீடுகள் இரண்டாம் முறை கூப்பிட்டால் தொடர்வது, பிற்பகலில் மாதம் எத்தனை மணி நேரம் கிடைத்தால் அறை வாடகைக்கு எடுப்பது என்ற இரண்டு எண்களை ஒரு தாளில் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு, பொருளாளரிடம் கொடுத்துவிடுங்கள். ஆறு வார உழைப்புக்குப் பின் எந்த எண்ணும் நல்ல எண்ணாகவே தோன்றும் என்பதால் இதை முன்கூட்டியே செய்தாக வேண்டும். அந்த எண்களை எட்டவில்லை என்றால் ஏழாம் வாரத்தின் முதல் வேலை, வாங்கிய 500 ரூபாய்களை ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய்த் திருப்பிக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொள்வது.